நூறு மெகாபிக்சல் குளம்

ஒரு மணமகளின் காதுக்கும் ஜிமிக்கிக்கும் நடுவில், ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்குக் குளம் மிச்சமிருந்தது.

அதை அழிப்பதுதான் என் வேலை. கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் அல்பம் செய்கிறேன். கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீடு, பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் என்று எடுத்து வரும் படங்களிலிருந்து ஆட்களை மட்டும் வெட்டி எடுத்து, அவர்களுக்குப் பின்னால் ஒரு சுவிஸ் மலையையோ நீர்வீழ்ச்சியையோ வைக்க வேண்டும். தலைமயிரைச் சுற்றி வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று முதலாளி சொல்வார். அதனால்தான் கஷ்டமான தலைகள் எல்லாம் என்னிடம் வரும்.

அன்றைய மணமகள் நின்றது எங்கள் ஊர்க் குளக்கட்டில். அக்கராயனிலிருந்து உள்ளே போகும் கிரவல் றோட்டில் வரும் சின்னக் குளம். தினமும் காலையில் ஸ்கூட்டியில் அந்தக் கட்டால்தான் வேலைக்கு வருகிறேன். வெளிச்சம் நல்லது என்று சோடிகளை அங்கே கூட்டிப்போய் எடுப்பார்கள். எடுத்த பிறகு நான் அந்த இடத்தை நீக்குவேன். கட்டு, தண்ணீர், மருதமரங்கள் எல்லாம் பத்து நிமிடத்தில் போய்விட்டன. அந்தப் பருக்கை மட்டும் தப்பியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்குள் வெயில் பட்ட தண்ணீர் கொஞ்சமும் ஒரு கொக்கின் பாதியும் இருந்தன.

கையை எடுத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடமாக இந்தக் குளத்தை அழித்துக்கொண்டிருக்கிறேன்? ஒரு கொக்குக்கூட மிச்சம் வைத்ததில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் குளத்தையே சுவரளவுக்கு, புல் புல்லாகத் தெரியும்படி எடுத்து, ஸ்ரூடியோவின் பின்சுவரில் மாட்டினால் என்ன? ஆட்கள் அதன் முன்னால் நிற்கட்டும். நான் எதையும் வெட்டத் தேவையில்லை.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குளத்துக்கு முன்னாலை நிக்கிற ஆள் குளத்தடிக்கே போகலாமே பிள்ளை. என்னட்டை ஏன் வரவேணும்?"

"சுவிஸ் மலைக்கு முன்னாலை நிக்கிற ஆள் சுவிசுக்குப் போகலாம்தானே அண்ணை?"

"விசா வேணுமெல்லோ" என்றார். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

ஆனால் எனக்கு அது போகவில்லை. எனக்கு எதுவும் மெதுவாகப் பிடிப்பதில்லை; பிடித்தால் காய்ச்சல்போலத்தான். உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சத்தில் தவறி, ஒரு தொழில்நுட்ப டிப்ளோமாவும் முடித்து, கடைசியில் ஜிமிக்கிகளைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு, நிலக்காட்சி எடுப்பது என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே பெரிய திறப்பாக இருந்தது. ஆட்களே இல்லாத படம். வெறும் இடம். அதற்கென்றே கமரா தெரிவு செய்கிறார்கள், அதற்கென்றே விடியமுன் எழும்புகிறார்கள், அதற்கென்றே இணையத்தில் பகலிரவாய்ச் சண்டை பிடிக்கிறார்கள். சண்டை முழுக்க ஒரே விஷயத்தில்: மீடியம் ஃபோர்மற்றா, ஃபுல் ஃபிரேமா?

ஃபுல் ஃபிரேம் கமராவில் ஒளியை வாங்கும் சில்லு, பழைய ஃபிலிம் சுருளின் ஒரு கட்டத்தளவு. மீடியம் ஃபோர்மற்றில் அந்தச் சில்லின் பரப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் பெரிய சில்லில் நிழலுக்குள் இருப்பதும் வெயிலுக்குள் இருப்பதும் ஒரே படத்தில் கெடாமல் நிற்கும் என்கிறார்கள். அது எடை கூடியது, மெதுவானது, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்காது. குளம் ஓடாது. இன்னொன்று, படத்தின் வடிவம். ஃபுல் ஃபிரேம் படம் அகலமாகவும் மீடியம் ஃபோர்மற் படம் கொஞ்சம் உயரமாகவும் வரும். தட்டையான நாட்டுக்கு அகலம்தான் சரி என்று முதலில் நினைத்தேன். பிறகு குளக்கட்டில் நின்று விரல்களால் சட்டம் பிடித்துப் பார்த்தபோது விளங்கியது. வன்னியில் நிலம் ஒரு கோடுதான். மிச்சம் எல்லாம் வானம். வானத்துக்கு உயரம் வேண்டும்.

இதையெல்லாம் இரண்டு கமராவில் ஒன்றையும் தொடாமலே முடிவுசெய்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பொதுவில் போட்ட நூறு மெகாபிக்சல் படமொன்றை இறக்கி, ஸ்ரூடியோக் கணினியில் திறக்கப் பார்த்தேன். அதன் காற்றாடி நெல்லுக்குத்தும் மில்போல இரைந்தது. முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பறக்கப் போகுதோ?"

அந்த ஆவணியில் முதலாளியின் மச்சான், மனைவியின் தமையன், பிரான்ஸ், பரிசிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்தார். அங்கே அவரும் கலியாணப் படக்காரர்தான். தோளில் இரண்டு பைகள். ஒன்றில் ஃபுல் ஃபிரேம், இருபத்துநாலு மெகாபிக்சல், வீடியோவுக்குப் பேர்போனது. மற்றதை அவர் மேசையில் எடுத்து வைத்தபோது என் வாய் திறந்தபடி நின்றது. திரையில் மட்டும் பார்த்திருந்த அதே நூறு மெகாபிக்சல் மீடியம் ஃபோர்மற். செங்கல்லைப்போலக் கைக்குள் அடங்காமல் இருந்தது.

"தொட்டுப் பார் தங்கச்சி. கடிக்காது."

"இதாலை என்னென்ன எடுத்தனீங்கள் அண்ணா?"

"நாலு தரம் வெளியிலை கொண்டுபோனனான். அஞ்சாந்தரம் பாரத்துக்கு இடுப்பு நாரி பிடிச்சுப்போட்டுது." சிரித்தார். "ஆசையிலை வாங்கினது. வாங்கினாப் பிறகுதான் பாத்தன், எங்கட வீட்டு யன்னலுக்கு வெளியிலை இன்னொரு வீட்டு யன்னல். என்னத்தை எடுக்கிறது?"

இரண்டில் ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போவதாக அவர் சொன்னார். முதலாளிக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மணவறைப் புகைக்குள்ளும் மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்திலும் வேலை செய்வது ஃபுல் ஃபிரேம்தான், வீடியோவும் அதில்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, பின்சுவர்க் கதையை முழுவதும், மூச்சு விடாமல், உயரம், அகலம், சில்லின் பரப்பு உட்படச் சொன்னேன். பரிஸ் அண்ணா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பொறு மச்சான்" என்றார் முதலாளியிடம். "நான் நிக்கிற மூண்டு கிழமைக்கும் ரெண்டையும் அவவிட்டைக் குடு. குளத்துக்கு முன்னாலை சனம் நிண்டால் பெரிசு உங்களுக்கு. நிக்காட்டில் சின்னது."

முதலாளி என்னைப் பார்த்தார். "சரி. சனம் நிண்டால், நீ அல்பம் வெட்ட வேண்டாம். சுவருக்குச் சுவர் படம் எடுத்துக்கொண்டு திரி. நிக்காட்டில் பிறகு குளம், கொக்கு எண்டு என்னட்டை வரப்படாது. கேட்டுதோ?"

"ஓம் அண்ணை."

கேட்டது. ஜிமிக்கிகளிலிருந்து ஒரு வழி திறந்த சத்தமாகத்தான் கேட்டது.

மறுநாள் விடியமுன் எழும்பி உடுப்பு மாற்றும்போது, அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளத்தைப் படம் எடுக்க இந்த நேரத்திலை போகவேணுமோ? எட்டு மணிக்குப் போனால் குளம் எழும்பி ஓடிடுமோ?"

"வெளிச்சம் ஓடிடும் அம்மா."

"ஆக்கள் கதைக்கிறது அதுக்கு முன்னாலை ஓடிவரும்."

அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது மலைநாட்டிலிருந்து வந்தவர். உலகமே மலைக்கு முன்னால் நின்று படம் எடுக்க ஆசைப்படுகிறதே, மலை எப்படியிருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "குளிர். அட்டைக்கடி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

குளக்கட்டில் கமரா முக்காலியை நாட்டினேன். ஆவணியில் தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருந்தது. சேறு வெடித்த பகுதி, பிறகு புல், பிறகு தண்ணீர், எதிர்க்கரையில் ஓடை வந்து விழும் இடத்தில் வெள்ளையாக ஒரு மணல் முகம். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். முக்காலியை மேலும் கீழும் பார்த்தார்.

"லெவல் பாக்கிறியளோ பிள்ளை? றோட்டுப் போடப் போறாங்களோ?"

"இல்லை ஐயா. குளத்தைப் படம் எடுக்கிறன்."

"குளத்தையோ? குளத்திலை என்ன?"

"ஒண்டுமில்லை. சும்மா குளம்."

அவர் முகத்தில் வந்திருந்த றோட்டு அப்படியே வாடிப்போனது. பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இன்னும் நல்ல பதிலொன்று கொடுத்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. அன்று எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சூரியன் மருதமரங்களுக்குப் பின்னால் வந்துவிட்டது. ஒரே இடத்தில், ஒரே முக்காலியில், முதலில் ஃபுல் ஃபிரேம், பிறகு மீடியம் ஃபோர்மற், திரும்பவும் மாற்றி மாற்றி. எதிர்க்கரையில், இருநூறு மீற்றருக்கு அப்பால், மணல் முகத்தடியில் சிவப்பாக ஒரு ட்ராக்டர் நின்றது. அதன் பின்பக்கம் என்னைப் பார்த்தபடி இருந்தது. பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் அந்தச் சிவப்பு நல்ல இடத்தில் விழுகிறது என்று நினைத்தேன். அதைப்பற்றி நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஸ்ரூடியோவில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். நியாயமாகச் சொன்னால், அது சரியான போட்டியில்லை. அறுபது மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம்களும் உலகத்தில் உண்டு. எங்கள் மேசையில் இல்லை. ஆனாலும் பார்த்ததைப் பார்த்தேன். ஃபுல் ஃபிரேமில் புல் பச்சைக் கூழாக இருந்தது. மீடியம் ஃபோர்மற்றில் அது தனித்தனிப் புல். மருதமர நிழலுக்குள் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. கட்டில் நின்றபோது என் கண்ணே அதைப் பார்க்கவில்லை. ஃபுல் ஃபிரேமில் ட்ராக்டர் ஒரு சிவப்புக் கறை. மீடியம் ஃபோர்மற்றிலோ, ட்ராக்டர் இழுக்கும் பெட்டியின் பின்பலகையில் வர்ணத் தீந்தையால் கீறிய இரண்டு மயில்கள் தெரிந்தன. நடுவில் ஓம். ஒரு மயிலின் தோகை மற்றதை விடக் கட்டை; இடம் போதாமல் கீறியவர் மடக்கிவிட்டிருந்தார். அதுகூடத் தெரிந்தது.

கத்திவிட்டேன். "அண்ணா, மயில்! மயில் தெரியுது!"

பரிஸ் அண்ணா குனிந்து பார்த்தார். "உண்மைதான். அந்தத் தூரத்திலையிருந்தோ?"

நூறு மெகாபிக்சலுக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த மயில்களை ஒரு நாளில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனென்று தெரியாது. தோகையைப் பார்த்தேன், ஓமின் வளைவைப் பார்த்தேன், தீந்தை உரிந்த இடத்தைப் பார்த்தேன். பெட்டிக்குள் என்ன ஏற்றியிருக்கிறது என்று பார்க்கவில்லை. விடியற்காலையில் குளத்துக்குள் ட்ராக்டருக்கு என்ன வேலை என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று எனக்கு அது தெரிந்த விஷயமாக இருக்கவில்லை. கூர்மையான விஷயமாக மட்டும் இருந்தது.

படத்தை வவுனியாவுக்கு அனுப்பி, தடித்த துணியில், மூன்று மீற்றர் அகலத்தில் அடிப்பித்தோம். சுருட்டிப் பேருந்தில் வந்தது. ஓமந்தை தாண்டும்வரை ஒரு ஐயா அதைப் பாய் என்று நினைத்து அதன்மேல் சாய்ந்து நித்திரைகொண்டாராம். பின்சுவரில் ஆணி அடித்து நாங்கள் மூன்று பேரும் விரித்துத் தொங்கவிட்டபோது முதலாளிகூட நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு, "குளம் வடிவாத்தான் இருக்கு, என்ன?" என்றார். ஏதோ இதுவரை யாரோ அதை அவரிடமிருந்து ஒளித்து வைத்திருந்ததுபோலக் கேட்டார்.

முதல் மூன்று நாளும் ஆட்கள் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்கு நீர்வீழ்ச்சிதான் வேண்டும் என்றார். ஒரு மாப்பிள்ளை, "இது எங்கட பக்கக் குளம்போலக் கிடக்கு, வேறை நல்லதொண்டு இல்லையோ?" என்று கேட்டார். நான் நகத்தைக் கடித்தேன். நாலாம் நாள் ஒரு சாமத்திய வீட்டுக் குடும்பம் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. சேலையும் தலை நிறையப் பூவும் காதில் பெரிய ஜிமிக்கியும். மண்டபத்துக்குப் போகுமுன் தனிப்படம் எடுக்க வந்திருந்தார்கள். பிள்ளையே நேராகப் போய்க் குளத்துக்கு முன்னால் நின்றாள்.

முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். படமெடுக்கத் தொடங்கினார். ஏழெட்டுப் படம் நல்லபடியாகப் போனது. பிறகு திரும்பி நில் என்று சொல்ல, பிள்ளை திரும்பினாள். சுவருக்குக் கிட்டக் குனிந்தாள். பூவெல்லாம் ஆட, சுவரில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தை விரலால் தொட்டுக் கத்தினாள்.

"அப்பா, எங்கட பெட்டி! இஞ்சை பாருங்கோ, எங்கட மயில்!"

எல்லோரும் சிரித்தார்கள். தாய் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ஓமப்பா, அந்தக் கட்டைத் தோகை" என்றார். தகப்பனும் சிரித்தபடியே எழும்பி வந்தார். குனிந்து பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் அவர் இல்லை. மயிலைப் பார்த்தார், பெட்டிக்கு மேல் குவிந்திருந்த மணலைப் பார்த்தார், பக்கத்தில் மண்வெட்டியோடு முதுகைக் காட்டி நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தோளைத் தடவி, "வா அம்மா, நேரம் போகுது" என்றார்.

அடுத்த நாள் காலை கடை திறக்குமுன்னே வந்து வாசலில் நின்றார். சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமாய்ப் பிள்ளைக்கு முன்னாலை ஒண்டும் சொல்லேல்லை" என்றார். "இஞ்சை பொலிஸ்காரரும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருவினம்தானே?"

"ஓம், வருவினம்."

"அந்தக் கதிரையிலை இருந்துதானே எடுப்பினம்?"

கதிரை குளத்துக்கு நேரே முன்னால் இருந்தது.

"ரெண்டு போகம் சரிவரேல்லை. ட்ராக்டர்க் கடன் கட்டுறதுக்கு வேறை வழியில்லாமல்தான் பெர்மிற் இல்லாமல் மணல் அள்ள இறங்கினனான். நீங்கள் தெரிஞ்சு எடுக்கேல்லை எண்டு எனக்கு விளங்குது. அதை மட்டும் அழிக்கேலாதோ?"

அழிக்கலாம். அழிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமா? அந்த மணல் முகம் போனால் குளம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வயலும் அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் விளைகிறது. ஆனால் அவர் பிள்ளையின் விரல் அந்தத் தீப்பெட்டி அளவு இடத்தில் பட்டபோது அவள் முகத்தில் இருந்த பெருமையும் எனக்குத் தெரியும். நான் ஊரைக் காப்பாற்ற அந்தப் படத்தை எடுக்கவில்லை. அல்பம் வெட்டுவதிலிருந்து தப்பத்தான் எடுத்தேன். அப்படி எடுத்துவிட்டு இப்போது நீதி பேச எனக்கு வாய் வரவில்லை. நான் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். முதலாளியும் பரிஸ் அண்ணாவும் அவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

ட்ராக்டர் நாலு நிமிடத்தில் போனது.

"அந்த ரெண்டு பேரும்" என்றார் தகப்பன்.

அவர்களும் போனார்கள்.

"பள்ளம் தெரியுதே தங்கச்சி. ட்ராக்டர்ச் சில்லுத் தடமும்."

பள்ளங்கள் ஒன்றிரண்டல்ல. பெரிதாக்கப் பெரிதாக்க வந்துகொண்டே இருந்தன. நூறு மெகாபிக்சல் ஒன்றையும் விடவில்லை. இடக்கரையிலிருந்து புல்லை வெட்டிக் கொண்டுவந்து மணல் முகத்தில் ஒட்டினேன். ஒட்டியது பொருந்தாததால் பக்கத்துக் கரையையும் மாற்றினேன். கரை மாறியபோது தண்ணீரில் அதன் நிழல் பிழையாகிப்போனது, நிழலையும் மாற்றினேன்.

"தண்ணியும் காணாதுதானே" என்றார் முதலாளி. "தொட்டது தொட்டாச்சு, கொஞ்சம் ஏத்திவிடு."

ஏற்றினேன். வெடித்த சேறு மறைந்தது. நீர்க்காகம் நின்ற கொப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. அதையும் அழிக்க வேண்டியதாயிற்று. தகப்பன் நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரையில் நிறைந்த தண்ணீரும் ஒரே மாதிரியான புல்லும் ஒரு துப்புரவான வானமும் இருந்தன. எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல முடியாது.

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"இவ்வளவு பாடுபட்டு இதைத் திரும்ப அடிக்கிறதுக்கு, அந்த சுவிஸ் குளத்தையே போடலாமே பிள்ளை."

நான் பரிஸ் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒருவர்தான் என் பக்கம். அவர் மீடியம் ஃபோர்மற்றின் லென்ஸைக் கழற்றி, மூடியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உதுக்கு இது தேவையில்லை தங்கச்சி" என்றார். "உதுக்குத் தொலைபேசிக் கமராவே காணும்."

அதுதான் முழு உண்மை. இணையத்தில் எத்தனையோ பக்கம் சண்டை வாசித்தேன். சில்லின் பரப்பு, நிறத்தின் ஆழம், நிழலின் விளிம்பு எல்லாம் மனப்பாடம். எடுத்த படத்தை அப்படியே மாட்டி வைக்க முடியாத ஊரில் எந்தக் கமரா நல்லது என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. எல்லாம் தெரிந்துவிடாத கமராதான் நல்லது. ஃபுல் ஃபிரேமில் எடுத்த அந்தச் சிவப்புக் கறைப் படத்தை மாட்டியிருந்தால் பிள்ளை இன்னும் குளத்துக்கு முன்னால்தான் நின்றிருப்பாள்.

பரிஸ் அண்ணா பரிசுக்குத் திரும்பிப் போனார். மீடியம் ஃபோர்மற்றும் போனது, இன்னொரு யன்னலைப் பார்க்கும் யன்னலுக்கு. ஃபுல் ஃபிரேம் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. கலியாண வீடுகளுக்கு அதை முதலாளி கொண்டுபோகிறார். மணவறைப் புகையைக் கிழித்துக்கொண்டு நல்ல வடிவாகத்தான் எடுக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்சுவரில் சுவிஸ் குளம். அதற்கு முன்னால் நிற்க ஒருவரும் யோசிப்பதில்லை. முதலாளி சொன்னது சொன்னதுதான். குளம், கொக்கு என்று நான் அவரிடம் திரும்பவும் போகவில்லை.

அந்தப் பிள்ளையின் அல்பமும் என்னிடம்தான் வந்தது. குளத்துக்கு முன்னால் எடுத்த ஏழெட்டுப் படங்களிலும் பின்னணியை மாற்ற வேண்டும் என்று தகப்பன் சொல்லியிருந்தார். பூவைச் சுற்றி வெட்டினேன், சேலை மடிப்பைச் சுற்றி வெட்டினேன், காதுக்கும் ஜிமிக்கிக்கும் நடுவில் பெரிதாக்கித் துடைத்தேன். இந்தமுறை ஒன்றையும் மிச்சம் விடவில்லை. அல்பத்தை எடுக்க வந்தபோது பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, எங்கட மயில் எங்கை?"

"அது தெளிவா வரேல்லை அம்மா" என்றேன்.

மூன்று மீற்றர்த் துணியை முதலாளி எறியச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா விரித்துப் பார்த்தார். தடிப்பை விரலால் உரசிப் பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். இப்போது அது மாட்டுக் கொட்டிலின் கூரையில் ஒழுகும் பக்கத்தில் கிடக்கிறது, படம் கீழ்ப்பக்கமாக. ட்ராக்டர், மணல், இரண்டு பேர், பள்ளங்கள், நீர்க்காகம் எல்லாம் அதில் அழியாமல் இருக்கின்றன. மாடு அண்ணாந்து பார்த்தால் தெரியும். அது அண்ணாந்து பார்ப்பதில்லை.

சாணி அள்ளும்போது நான் பார்க்கிறேன். தோகைகளை இப்போது பார்ப்பதில்லை. பள்ளங்களை எண்ணுகிறேன். பிறகு குளக்கட்டால் போகும்போது எதிர்க்கரையைப் பார்த்து, புதிதாக எத்தனை என்று எண்ணுகிறேன். கொட்டில் கூரையில் இருக்கும் குளம் வெளியே இல்லை. மாரி தொடங்கினால் மணல் முகம் முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். நிறைந்த குளத்தை யார் எடுத்தாலும் ஒரே குளம்தான். வாசற்படியில் இருந்து குளத்துப் பக்கத்து வானத்தைப் பார்த்தால், எனக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன என்று தெரிகிறது.

ஃபுல் ஃபிரேமால் பள்ளமெல்லாம் தெரியும் அப்படியொரு படத்தை ஒரே தடவையில் எடுக்க முடியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. கமராவை நிமிர்த்திப் பிடித்து, நீண்ட லென்ஸைப் போட்டு, குளத்தைத் துண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படும்படி எடுத்து, பிறகு கணினியில் தைத்தால், மீடியம் ஃபோர்மற் அளவு விபரம் வரும். நடக்குமா என்று கேட்டால், நடக்காது என்றுதான் நினைக்கிறேன். காற்றில் புல் அசையும். தைத்த இடத்தில் விலகும். ட்ராக்டர் நடுவில் நகர்ந்தால் பாதியாகவோ இரண்டாகவோ தெரியும். சரியாக வந்தாலும் அதை மாட்ட ஒரு சுவரில்லை. யாருக்குக் காட்டுவேன் என்றும் தெரியாது. தகப்பனுக்குக் காட்ட முடியாது. பிள்ளைக்குக் காட்ட முடியாது. அழிக்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும். அதை அழிக்கச் சொல்லி இன்னும் யாரும் என்னைக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கலியாண வீடு ஒன்றும் இல்லை. கமரா அலுமாரியில்தான் இருக்கும். சனிக்கிழமை வேலை முடியும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். எதற்கு என்று முதலாளி கேட்டால் சொல்ல ஒரு பொய் தயாராக இருக்கிறது. விடியமுன் குளக்கட்டில் நிற்க வேண்டும். சைக்கிள்காரர் வந்தால், றோட்டுப் போடவில்லை என்று முதலே சொல்லிவிட வேண்டும். ஒன்பது படங்கள், இடமிருந்து வலமாக. ட்ராக்டர் நிற்கும் இடம் ஐந்தாவதில் வரும். ஐந்தாவதை முதலில் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.